காற்று அடித்தவள்

அந்த ஆலயத்து ஆர்கனில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு குழல்கள் இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் அந்தக் கணக்கைச் சொல்லும். பென்சில் பருமனில் குழல் உண்டு. ஓர் ஆள் உள்ளே நின்றால் தலை வெளியே தெரியாத குழலும் உண்டு. எல்லாம் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதையும், கோத்து நிறுத்த ஏழு மாதம் பிடித்ததையும், முதல்நாள் வாசித்தபோது ஜன்னல் கண்ணாடி இரண்டு விரிசல் விட்டதையும் கதை கதையாகச் சொல்வார்கள். அத்தனை குழலும் பாடக் காற்று எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவளிடமிருந்து வந்தது. இருபத்தாறு வருஷம் அவள்தான் காற்று அடித்தாள்.

அவள் தையல்காரி. பாடகர் குழுவுக்கு வெள்ளை அங்கி தைத்துக் கொடுக்க ஆலயத்துக்கு வந்தவள். ஆர்கன் வாசிப்பவரை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். அளவு எடுக்க நின்றபோது அவர் விரல்களைப் பார்த்து இவள் மயங்கினாள் என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். அதில் பொய் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு இவளும் மாஸ்டரம்மா ஆகிவிட்டாள்.

அப்போது காற்று அடித்துக்கொண்டிருந்தவரை இருமல்காரர் என்பார்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அவர் படுத்த படுக்கையாகிவிட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஒரு நாள் நீ வந்து காத்து அடி. பெரிய வேலை ஒண்ணும் இல்ல. கட்டைய மேல தூக்கணும், கீழ அழுத்தணும். அவ்வளவுதான்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வாசிக்க அவள் காற்று கொடுப்பது என்பதை நினைக்க நினைக்கப் பெருமையாக இருந்தது. நல்ல சேலையாக எடுத்து உடுத்திக்கொண்டு போனாள். அன்று மாலை அந்தச் சேலை வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இருமல்காரர் எழுந்திருக்கவே இல்லை. சபையார் கொஞ்ச நாள் வேறு ஆள் தேடினார்கள். அவளே வந்து அடித்துக்கொண்டிருந்ததால் அந்தத் தேடலும் தானாக நின்றுபோனது.

ஆர்கனுக்குப் பின்னால், சுவருக்கும் குழல் பெட்டிக்கும் இடையில், ஒரு அறை. நீளம் இரண்டு ஆள் படுக்கலாம், அகலம் ஒரு ஆள். ஜன்னல் இல்லை. அதில் ஒரு பாதியில், கட்டில் அகலத்தில், நிரம்பினால் தலைக்கு மேல் எழும்புகிற உயரத்துக்குத் தோல் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. பக்கவாட்டில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரக் கட்டையைத் தூக்கி அழுத்தினால் துருத்தி நிரம்பும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்ட ஒரு கயிற்றில் ஈயக் குண்டு தொங்கும். பலகையில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. குண்டு இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் காற்று இல்லை, பாட்டு அழுதுகொண்டே சாகும். கீழ்க் கோட்டைத் தாண்டினால் காற்று மிஞ்சிவிடும், தோல் தாங்காது. தலைக்கு மேலே ஒரு சின்ன மணி. மாஸ்டர் அந்தப் பக்கம் ஒரு குமிழை இழுத்தால் அது கிணுங்கும். உடனே அடிக்க வேண்டும். மறுபடி கிணுங்கினால் நிறுத்த வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனையோடு போயிருந்தால் பரவாயில்லை. வியாழன் ஒத்திகை. கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும். அதற்கும் மேலாக மாஸ்டர் தினமும் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை முடிந்து வந்து ஒன்றரை மணி நேரம் பழகுவார். காற்றில்லாமல் பழக முடியாது. அவள் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டுப் போவாள். கட்டைக்குத் தாளம் தெரியக் கூடாது. மெத்தென்று தூக்கி மெத்தென்று அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் சுரம் நடுங்கும். அதை அவள் யாரும் சொல்லித் தராமல் தானாகப் பழகினாள். தோல் எங்கே வெடித்தாலும் பழைய கையுறைத் தோலை வெட்டி, பசை காய்ச்சி, ஒட்டுப் போட்டாள். முப்பத்தெட்டு ஒட்டு. அவள் கை ஒட்டு விரலால் தடவினாலும் தெரியாது.

மகள் பிறந்த பதினேழாம் நாள் திரும்பவும் கட்டைக்கு வந்தாள். துருத்திக்குப் பக்கத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களை அடுக்கி, மேலே போர்வை விரித்து, பிள்ளையைப் படுக்க வைப்பாள். கட்டை முனகுகிற சத்தத்தில்தான் அந்தப் பிள்ளை தூங்கும். வீட்டில் சத்தமில்லாமல் இருந்தால் விழித்துக்கொண்டு கத்தும்.

அந்த அறையின் மரச்சுவர்தான் அவளுக்குத் துணை. முதல் நாளிலிருந்து அங்கே நின்றவர்கள் எல்லாம் ஆணியாலும் பென்சிலாலும் ஏதாவது கிறுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். 'இன்று பிரசங்கம் ஒன்றே முக்கால் மணி. இரண்டு முறை தூங்கினேன்.' 'புது மாஸ்டர் வேகமாக வாசிக்கிறார். சீக்கிரம் செத்துவிடுவேன்.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'செத்துவிட்டான், இனி நான்.' புயலில் கூரை பறந்த வருஷம் பன்னிரண்டு நாள் குழல்களுக்கு மேல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றதை ஒருவர் தேதி போட்டு எழுதியிருந்தார். கட்டையன் என்று கையெழுத்துப் போட்ட ஒருவர் யுத்த காலத்தைப் பற்றி எழுதியிருந்தார். தோட்டா செய்ய ஈயம் கேட்டு அரசாங்கத்து ஆட்கள் வந்தார்களாம். 'நாற்பது குழல் எங்கள் கட்டிலுக்கு அடியில். என் சம்சாரம் மேலே படுத்துக்கொண்டு, பிரசவ வலி என்று கூச்சல் போட்டாள். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு.'

அதைப் படிக்கும்போதெல்லாம் அவள் தனியாகச் சிரிப்பாள்.

நாற்பத்தைந்து வயதில் வலது தோள் போயிற்று. முதலில் தலை வார முடியவில்லை. பிறகு கொடியில் துணி போட முடியவில்லை. மாஸ்டரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் தோளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்திருக்கிறது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் மாஸ்டர் பதில் சொல்லிவிட்டார்.

"வேலை ஒண்ணும் இல்ல டாக்டர். வீட்டுலதான் சும்மா இருக்கா. ரெண்டு ஜாக்கெட் தைப்பா."

அவர் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் வலித்தது. அவர் மனதில் பட்டதைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் இடது கையால் அடித்தாள். அப்புறம்தான் ஆர்கனுக்கு நூற்றிருபத்தைந்தாவது வருஷம் வருகிறது, மோட்டார் வைக்கலாம் என்று சபையார் முடிவு செய்தார்கள். மோட்டார் வைக்க இடம் வேண்டும், அறையின் மரச்சுவரைப் பெயர்த்துவிட்டுப் புதுப் பலகை போடப்போகிறோம் என்று தச்சர் வந்து அளந்துவிட்டுப் போனார். அவள் மாஸ்டரிடம் சுவரில் இருக்கிற எழுத்தைச் சொன்னாள். அவர் ஒருநாளும் அந்த அறைக்குள் கால் வைத்தவர் இல்லை. கிறுக்கலுக்கெல்லாம் பலகையை வைத்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். அவள் தன் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு போய், மூன்று நாள் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் ஒரு வரி விடாமல் எழுதினாள். நாலாம் நாள் தச்சர் பலகையை உடைத்து எடுத்துப் போனார். மின்சாரம் போனால் இருக்கட்டும் என்று கட்டையையும் மணியையும் மட்டும் விட்டு வைத்தார்கள்.

மோட்டார் ஓடிய முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் மற்றவர்களைப் போல முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷமாக அவள் கேட்டது மரம் முனகுகிற சத்தம், தோல் மூச்சு விடுகிற சத்தம், கட்டைகளும் கம்பிகளும் அடித்துக்கொள்கிற சத்தம். அதற்கு நடுவே சுவரை அதிரவைக்கிற அடிச் சுரம். பாட்டு என்று அதைத்தான் நினைத்திருந்தாள். அன்று மாஸ்டர் கை வைத்ததும் கூரையிலிருந்து வெளிச்சம் இறங்குவதுபோல இருந்தது. மெல்லிய குழல்கள் தனியாக, பெரிய குழல்கள் தனியாக, ஒன்றை ஒன்று கூப்பிட்டுக்கொண்டு. பக்கத்தில் இருந்தவர்கள் மாஸ்டரம்மா பக்தியில் அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் அழுதது ஆத்திரத்தில். ஒரே ஒரு ஞாயிறு வேறு ஆளை நிறுத்திவிட்டு, வா, வந்து முன்னால் உட்கார்ந்து கேள் என்று அவருக்குச் சொல்லத் தோன்றவில்லையே.

வீட்டுக்கு நடக்கும்போது, "முன்னாடி இருந்து கேட்டா வேற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"பின்ன?" என்றார் அவர். "இத்தனை நாளா நீ என்ன நெனச்சிட்டு இருந்த?"

விழாவுக்கு ஆர்கனின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடும் பொறுப்பை மாஸ்டரிடம் கொடுத்தார்கள். அவள் தானாகவே தன் நோட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாள். அவர் புரட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, சில தகவல் இருக்கு" என்றார். அவளுக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

விழாவுக்கு ஆறு நாள் முன்னால் புத்தகம் வந்தது. நல்ல வழவழப்பான தாள். சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். ஆர்கன் வாங்கித் தந்த சீமாட்டி, கப்பல், வாசித்த ஒன்பது மாஸ்டர்கள், அவர்கள் படங்கள். புயல் இருந்தது, தார்ப்பாய் பிடித்தவர் இல்லை. யுத்த காலத்தில் சபைத் தலைவர்கள் தங்கள் துணிச்சலால் குழல்களைக் காப்பாற்றினார்கள் என்றும், இது ஆசிரியரின் நீண்ட ஆராய்ச்சியில் தெரிய வந்தது என்றும் இருந்தது. கட்டில் இல்லை. கட்டையன் இல்லை. அவர் சம்சாரம் இல்லை. கடைசிப் பக்கத்தில் மோட்டாரின் படத்துக்குக் கீழே ஒரு வரி: 'இதற்கு முன்னர் கையால் காற்று அடிக்கப்பட்டது.'

அவள் அந்த வரியை மூன்று தரம் படித்தாள். மாஸ்டர் எதிரே உட்கார்ந்து பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அடிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கீங்களே. யார் அடிச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன கேள்வி இது? ஆள் வச்சு அடிச்சாங்க."

"அந்த ஆள் யாருங்க?"

"இந்தா பாரு, இது ஆர்கனோட சரித்திரம். காத்து அடிச்சவன், கூட்டிப் பெருக்கினவன், விளக்கு ஏத்தினவன் எல்லாம் இதுல வரமாட்டான். உன்ன பத்திப் போட்டா என் பொண்டாட்டிய நானே புகழ்ந்துக்கிட்டேன்னு நாலு பேர் சிரிப்பான்."

அவள் புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தார்.

விழா அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஆலயத்தில் நிற்க இடமில்லை. பேராயர் வந்திருந்தார். வெளியூரிலிருந்து கல்யாணமான மகளும் வந்து, அம்மாவோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் புதுக் கோட்டு போட்டிருந்தார், அவள்தான் தைத்தது. பெரிய உருப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு ஏறி ஏறிப் போனார். உச்சிக்குப் போகிற சமயத்தில் விளக்குகள் அணைந்தன. மோட்டார் நின்றது. குழல்கள் ஒவ்வொன்றாகச் சுருதி இறங்கி, மாடு கதறுவதுபோல நீளமாக ஒரு சத்தம் போட்டு அடங்கின.

அந்த அமைதியில் ஆர்கனுக்குப் பின்னாலிருந்து மணி கிணுங்கியது.

முதல் கிணுங்கலுக்கு அவள் குதிகால் தானாகத் தரையை விட்டு எழுந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். முழங்கால் இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். இப்படிச் செய்ய வேண்டும் என்று அவள் முன்கூட்டி நினைத்து வரவில்லை. மணி இரண்டாம் தரம் கிணுங்கியது.

"அம்மா, அப்பா மணி அடிக்கிறார்" என்று மகள் காதோடு சொன்னாள்.

"கேக்குது."

மூன்றாம் தரம் வேகமாகக் கிணுங்கியது. ஆர்கனுக்கு மேலே மாஸ்டர் போதகரைப் பார்ப்பதற்காக ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். அதில் அவர் கண் சபையைத் தேடி, அவளைக் கண்டு, நின்றது. அவள் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகூப்பிக் கேட்டிருந்தால் எழுந்திருப்பாளோ என்னவோ. அவர் புருவத்தை உயர்த்தினார், அவ்வளவுதான். சோறு வைக்க நேரமாகிவிட்டால் உயர்த்துகிற மாதிரி.

போதகர் ஓரமாக நடந்து வந்து குனிந்தார். "அம்மா, கொஞ்சம் கை குடுக்கணும். எல்லாரும் காத்திருக்காங்க."

"ஐயா, புத்தகத்துல பார்த்தேன்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் இரண்டு பெஞ்சு தூரத்துக்குக் கேட்டது. "காத்து அடிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. யாரும் அடிக்கலயாம், தானா அடிக்கப்பட்டதாம். கொஞ்சம் பொறுங்க. இப்பவும் அடிக்கப்படும்."

போதகர் முகம் சிவந்து நிமிர்ந்தார். பாடகர் குழுவிலிருந்து பேக்கரிக்காரரும் ஒரு வங்கிக் குமாஸ்தாவும் அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். குழாயடியில் பம்பு அடிப்பதுபோல ஆளுக்கு ஒரு பக்கம் கட்டையைப் பிடித்துக் குத்தினார்கள். ஈயக் குண்டைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆர்கன் நாலு சுரம் விக்கி விக்கிப் பாடியது. பிறகு உள்ளே கோணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கிழிந்தது எது என்று சபையில் அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. அப்போதுதான் அவள் எழுந்தாள். எழுந்து என்ன செய்ய.

கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. மோட்டார் ஓடியது. காற்றெல்லாம் கிழிசல் வழியே போய், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு குழலில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

அவளால்தான் ஆர்கன் போயிற்று என்று மறுநாளே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கட்டையைக் குத்தியவர்கள் பாவம், உதவிக்கு ஓடினவர்கள். உட்கார்ந்திருந்தவள்தான் கிழித்தவள். பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்த இரண்டு பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் போதகரே வீட்டுக்கு வந்தார். துருத்தி வேலை தெரிந்த ஆள் யாரும் அகப்படவில்லை; நீங்கள் ஒட்டுப் போடுவீர்களாமே, வந்து பாருங்கள் என்றார். அவள் உடனே போனாள். போகிற வழியெல்லாம் தோல் எங்கே வாங்குவது, பசை எத்தனை காய்ச்சுவது என்றுதான் யோசித்துக்கொண்டு போனாள். கிழிசல் மேல் மடிப்பில், ஒரு கை நீளம். தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி வைத்து, பசை பிடிக்கிற வரைக்கும் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். மார்புக்கு மேல் வரவில்லை. இடது கையால் அதைப் பிடித்துத் தூக்கினாள். கண்ணில் நீர் முட்டியதுதான் மிச்சம்.

"ஒட்டலாம் ஐயா, நாலு நாள் வேலை. என் தோள் ஒத்துக்காது. ஒரு ஆள் தாங்க, பக்கத்துல நின்னு சொல்றேன், அவர் செய்யட்டும்."

போதகர் நம்பவில்லை. தோள் வலி என்று இவள் இதற்கு முன் சபையில் யாரிடமும் சொன்னதில்லை. சபையார் கூட்டத்தில், கெடுத்தவளிடமே மறுபடி கொண்டுபோய்க் கொடுக்கவா என்று ஒருவர் கேட்டாராம். அத்தோடு சரி. பிளாஸ்டிக் கட்டை வைத்த மின்சாரக் கீபோர்டு ஒன்று வந்தது.

மாஸ்டர் அதில் இரண்டு மாதம் வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவளோடு பேச்சையும் நிறுத்தியிருந்தார். வேண்டியதைச் சீட்டில் எழுதி மேஜையில் வைப்பார். விரல்கள் மட்டும் சாப்பிடும்போதும் மேஜை ஓரத்தில் ஏதோ வாசித்துக்கொண்டிருக்கும். அவள் அதைப் பார்க்காத மாதிரி எழுந்து போவாள். பார்த்தால் பாவமாக இருக்கும்; பாவப்பட அவளுக்கு இஷ்டமில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மத்தியானம், குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவர் வாய் திறந்தார்.

"அன்னைக்கு நீ எந்திரிச்சு வந்திருக்கலாம்."

"நீங்க கூப்பிட்டிருக்கலாம்."

"மணி அடிச்சேனே" என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது. அவள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர்கள் பேசவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மாஸ்டர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனைக்குக் கீபோர்டு வாசித்தார்கள். புது மாஸ்டர் அவர் மாணவர்தான். பேச வந்தவர்கள் எல்லாம், கடைசிக் காலத்தில் அவர் மனசு உடைந்துபோனதைக் குறிப்பிட்டார்கள். அவள் முன் வரிசையில் இருந்துகொண்டு கேட்டாள்.

ஊர் பேசியதை அவள் தாங்கிக்கொண்டாள். மகள் பேசியதைத்தான் முடியவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "எல்லார் முன்னாடியும் அப்பாவ அசிங்கப்படுத்தினியே, உனக்கு என்னம்மா கிடைச்சுது? அவர் வாசிக்கிறதக் கேட்டுதான் நான் வளர்ந்தேன்."

நீ எங்கே படுத்துக்கொண்டு கேட்டாய் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அது ஞாபகம் இருக்க நியாயம் இல்லை. பாட்டு மட்டும் ஞாபகம் இருந்தது.

இப்போது அவள் அந்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். ஆலயத்துக்குப் போவதில்லை, போகவில்லையே என்று கேட்கவும் ஆள் இல்லை. பழையபடி தையல் வருகிறது, ஓரம் அடிக்கிற வேலையும் பழைய துணியைப் பிடிக்கிற வேலையும். மகள் வருஷத்தில் இரண்டு தரம் வருவாள். போன தரம் வந்தபோது ஒரு பாவாடையைக் கொண்டுவந்து, இடுப்பு தளர்ந்துவிட்டது, பிடித்துக் கொடு என்றாள். அவள் மகளை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, அளவு பார்த்தாள். நீ மெலிந்துபோயிருக்கிறாய் என்றாள். இல்லையே, அப்படியேதான் இருக்கிறேன் என்றாள் மகள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மகள் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்க, அவள் இடது கையால் துணியைத் தள்ளித் தள்ளித் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பாவாடையை மடித்துக் கொடுத்தாள்.